காதிரைச்சலுக்கு மருந்து கொண்டு போன கதை

என் இடது காதுக்குள் ஒரு போத்தல் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. லண்டனுக்கு வெளியே, கண்ணாடிப் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஊர்வலம் போகிற இடத்தில் பல வருடம் நின்று வேலை செய்தேன். வேலையை நான் விட்டுவிட்டேன். போத்தல்கள்தான் என்னை விடவில்லை.

காதிரைச்சல் வெளியில் ஒருவருக்கும் தெரியாத வருத்தம். கால் முறிந்தவனுக்குப் பேருந்தில் எழும்பி இடம் கொடுப்பார்கள். காது இரைகிறவனுக்கு, "அதைப் பற்றி யோசிக்காதையுங்கோ" என்று புத்தி சொல்வார்கள். என்னைப் போன்றவர்கள் மாதம் ஒருமுறை ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவோம். இந்த வருத்தத்தை ஆராய்கிற டொக்டர் அம்மா ஒருவரும் அங்கே வருவார். அவருடைய ஆராய்ச்சிக்காக நாங்கள் கேக் செய்து விற்போம். என் மனைவி சுடுகிற உளுந்து வடைக்கு வெள்ளைக்காரரிடம் தனி மரியாதை. டொக்டர் அம்மா பலவித ஒலிகளைப் போட்டுக் காட்டுவார். எங்கள் காதில் கேட்பது எதைப் போன்றது என்று நாங்கள் சொல்வோம்.

வருத்தத்தைச் சுகமாக்கி மாற்றுகிற மருந்து இன்னும் இல்லை என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. "அந்தச் சத்தத்தை நிறுத்த முடியாது. அதன்மேல் இன்னொரு சத்தத்தைப் போர்த்தி விடலாம்," என்பார். அப்படிப் போர்த்துவதற்கு ஒரு சின்னக் கருவி இருந்தது. காதுக்குள் வைத்தால் ஓயாத மழை மாதிரி 'ஸ்ஸ்' என்று இரையும். அதன் புண்ணியத்தில்தான் நான் மனிதரோடு மனிதராகத் திரிகிறேன்.

1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலிருந்து ராணுவத்தின் கையிலிருந்த வவுனியாவுக்கு வந்த ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். என் அக்கா சொல்லி அனுப்பிய செய்தியை அவர் அப்படியே ஒப்புவித்தார்: "அத்தானுக்குக் காது இரையுது. நித்திரையே இல்லை. விடியக்காலமை எழும்பிப் பாத்தா கிணத்துக்கட்டிலை ஏறி நிக்கிறார். எனக்குப் பயமாக் கிடக்கு. லண்டனிலை ஏதும் மருந்து இருக்கோ எண்டு தம்பியைக் கேளுங்கோ."

கிணற்றுக்கட்டில் ஒரு மனிதர் ஏன் ஏறி நிற்கிறார் என்று எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நானும் ஒரு காலத்தில் ரயில் மேடையின் விளிம்பில் தேவைக்கு அதிகமாக நின்றிருக்கிறேன். அன்றே வெளிக்கிடுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

டொக்டர் அம்மா அத்தானுக்கென்று ஒரு கருவி தந்தார். என்னுடையது அப்போது பழுதாகித் திருத்தப் போயிருந்தது. கூடவே பலவித ஒலிகள் பதிந்த ஒரு கசெற்றும் தந்தார். "குண்டுச் சத்தத்தில் காது கெட்டவர்கள் எங்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. அவர்களைப் பற்றி எனக்குக் கனக்கத் தெரியாது. அங்கே யாருக்கெல்லாம் இரைகிறதோ, அவர்களைக் கேட்கச் சொல்லி வந்து சொல்லுங்கள்," என்றார். நான் ஏதோ ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விமானம் ஏறினேன்.

வவுனியாவில், வன்னிக்குள் போக அனுமதிக்குக் காத்திருந்த நாட்களைப் பற்றி எழுதினால் வாசிக்கிறவர்களும் காத்திருக்க வேண்டிவரும். அதை விட்டுவிடுகிறேன். விடுதிக்குக் கீழே இருந்த கடையில் இடியப்பமும் சம்பலும் நல்லாக இருந்தன என்பதை மட்டும் சொல்லவேண்டும். பக்கத்துக் கதிரையில் சாப்பிட்ட ஒருவர் என் பையைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"உள்ளுக்கோ போறியள்? பற்றரி ஏதும் வைச்சிருந்தா இப்பவே எறிஞ்சுபோட்டுப் போங்கோ. அதுக்காக நாள் முழுக்க வெயிலிலை நிப்பாட்டி வைப்பாங்கள்."

நான் பையைக் காலுக்கிடையில் இழுத்துக்கொண்டேன். காதுக் கருவி பற்றரி இல்லாமல் ஓடாது. அதற்கென்று வட்டச் சில்லுப் போலக் குட்டிப் பற்றரிகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தேன். அத்தானின் ஒரு வருட நித்திரை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

ராணுவக் கடவையில் என் பையைச் சோதித்த சிப்பாய்க்கு மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. பெட்டியைத் திறந்ததும் அவன் முகம் இறுகிவிட்டது. முன்பு கொழும்பில் வேலை பார்த்தபோது பழகிய அரைகுறைச் சிங்களத்தில், இது வெடிக்கிற சாமான் இல்லை, காது வருத்தக்காரருக்கு மருந்து என்று விளக்கினேன். அவன் நம்பவில்லை. என்னையே போட்டுக் காட்டச் சொன்னான். போட்டுக் காட்டினேன். பிறகு அதை வாங்கி, துடைத்துக்கூடப் பார்க்காமல் தன் காதில் வைத்தான்.

அவன் அப்படியே நின்றான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவன் கருவியைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினான். அவன் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "இதைப் போட்டால் என் காதில் இருக்கிற சத்தம் மறைகிறதே. நான் இரண்டு வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவன். இது எங்கே வாங்கலாம்?"

லண்டனில் என்றேன். அவன் சிரிக்கவில்லை. பற்றரிப் பெட்டியைச் சட்டப்படி எடுத்து மேசைக்குக் கீழே போட்டான். கருவியை மட்டும், அதற்குள் இருந்த ஒரேயொரு பற்றரியோடு, என் உள்ளங்கையில் வைத்துக் கையைப் பொத்திவிட்டான். அவன் பீரங்கியால் குத்திய ஷெல்தான் அத்தானின் காதைக் கெடுத்ததோ என்று நடந்து போகும்போது நினைத்தேன். அவனுக்காக இரக்கப்பட்டதை நினைத்து என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தும் இரக்கம் போகவில்லை.

அந்தப் பக்கம் போனதும் உலகம் வேறு. மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போக வரதன் என்றொருவர் அகப்பட்டார். வன்னியில் அப்போது பெற்றோலுக்குத் தடை. வரதன் குழந்தைக்கு மருந்து பருக்குவதுபோல இரண்டு சொட்டுப் பெற்றோலை இயந்திரத்துக்கு விட்டு உதைத்தார். உயிர் வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். பின்னால் போன புகையில் ஒரு கிராமத்தையே கடிக்கிற நுளம்பெல்லாம் செத்திருக்கும். வண்டி நாலைந்து தரம் நின்றது. ஒவ்வொரு தரமும் அவர் இறங்கி, அதைத் திட்டாமல், அதனோடு கெஞ்சிக் கதைத்தார். லண்டனில் ரயில் பிந்தினால் முறைப்பாடு எழுதுகிற நான், காட்டோரம் குந்தியிருந்து, வண்டிக்கு எப்போது மனம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியில், மல்லாவியில் தேத்தண்ணி குடித்தோம். சீனி இல்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி தந்தார்கள். ஒரு கடி, ஒரு மிடறு. என் அவசரத்தில் பனங்கட்டி முதலிலேயே முடிந்துவிட்டது. கடைக்காரப் பெண் என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு சின்னத் துண்டு தந்தார். "வெளிநாட்டுக்காரருக்கு அளந்து கடிக்கத் தெரியாது," என்று யாருக்கோ சொன்னது என் நல்ல காதில் விழுந்தது.

அக்கா குடும்பம் உருத்திரபுரத்தில் வயல் செய்தவர்கள். சண்டை வந்தபோது அந்த வாய்க்கால்கரை ஆட்கள் எல்லோரும் ஒன்றாக எழும்பி வந்து, இரணைமடுவுக்குக் கிட்ட, காட்டோரமாக ஒரு ஒழுங்கையில் கொட்டில் போட்டிருந்தார்கள். ஒழுங்கையின் நடுவே எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய பங்கர். மேலே பனங்குற்றிகள், அதற்குமேல் மண்மூட்டை. லண்டனில் ஒரு தெருவுக்கு ஒரு தபாற்பெட்டி இருப்பதுபோல இங்கே ஒழுங்கைக்கு ஒரு பங்கர்.

அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அத்தான் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வேறெதையோ கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு காலத்தில் ஊரில் அவரைத் தெரியாத ஆளில்லை. வாய்க்காலில் யாருடைய வயலுக்குத் தண்ணீர் முறை வருகிறதோ, அவருக்குச் சத்தம் போட்டு அறிவிப்பது அத்தானின் பொறுப்பு. அவர் கரையில் நின்று ஒரு தரம் கூப்பிட்டால் மூன்றாம் வயலில் நிற்பவன் மண்வெட்டியோடு ஓடிவருவான். இடம்பெயர்ந்து வந்த பிறகும் அதே ஆட்கள், அதே அத்தான். ராணுவம் ஷெல் குத்துகிற சத்தம் தூரத்தில் கேட்டவுடன், அது வந்து விழுவதற்குள் எல்லாரையும் பங்கருக்குள் இறக்குவது அவர் பொறுப்பாகியது. ஒருவரும் கேட்டுக் கொடுத்த வேலை இல்லை. கத்துகிறவர் அவர்தான் என்பது ஊருக்குப் பழகியிருந்தது.

நான் வந்து முகம் கழுவிக் குளத்து மீன்குழம்பில் கை வைத்திருப்பேன். "குத்திட்டான்! குத்திட்டான்! இறங்குங்கோ!" என்று அத்தானின் குரல். நான் பீங்கானைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒழுங்கையே ஓடியது. எல்லாருக்கும் முன்னால், பக்கத்துக் கொட்டில் ரோசலின் அக்கா இறங்கினார். பங்கருக்குள் குந்தியிருந்தோம். ஒன்றும் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஏறி, மண்ணைத் தட்டிக்கொண்டு, அவரவர் வேலைக்குப் போனார்கள். எங்கோ தூரத்தில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் கையில் மீன்குழம்பு காய்ந்திருந்தது.

அடுத்த நாள் குரக்கன் புட்டுச் சாப்பிடும்போது ஒரு தரம். கிணற்றடியில் நான் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நிற்கும்போது இன்னொரு தரம். நுரை கண்ணில் எரிய, இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு நான் பங்கருக்குள் விழுந்தபோது பெண்கள் வேறு பக்கம் பார்த்து உபகாரம் செய்தார்கள். அப்போதும் ஒன்றும் விழவில்லை. என் காது அரைக்காது. ஆனால் ஒழுங்கையில் இருந்த குழந்தைகளின் காதுமா அரைக்காது? ஒரு குழந்தைகூட அத்தான் கத்துவதற்கு முன்னர் தலையைத் திருப்பவில்லை. எனக்கு மெல்லச் சந்தேகம் பிடித்தது.

அன்று மத்தியானம் கருவியை அத்தானிடம் கொடுத்தேன். டொக்டர் அம்மா தந்தது என்றும், எப்படி வேலை செய்யும் என்றும் சொன்னேன். அவர் மரியாதையோடு கேட்டார். கடைசியில் ஒரேயொரு கேள்வி.

"இதைப் போட்டா வெளிச் சத்தம் கேக்குமோ?"

"கொஞ்சம் குறையும் அத்தான்."

"அப்ப எனக்கு வேண்டாம் தம்பி."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கடல் தாண்டி, சிப்பாயிடம் கெஞ்சி, மண்ணெண்ணெய்ப் புகை குடித்துக் கொண்டுவந்தது இதற்கா? அக்கா என் தோளில் கை வைத்து அமத்தினார். "விடு. பின்னேரம் பாப்பம்," என்றார். அத்தான் பேசாமல் எழும்பிப்போய் ஒழுங்கை முகப்பில், வடக்கே பார்த்தபடி நின்றார். அவர் கண்கள் இரண்டும் உள்ளே போய், சுற்றிவரக் கறுத்திருந்தன. அந்த மனிதர் எப்போதாவது குந்துகிறாரா, சாய்கிறாரா என்று பார்த்தேன். நிற்கவே நிற்கிறார்.

பின்னேரம் கசெற் ஆராய்ச்சி. ஒரு வீட்டில் பாட்டுப் பெட்டி இருந்தது, பற்றரி இல்லை. அதற்கென்ன, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வயர் கொடுத்துப் பெட்டியை ஓடவைத்தார்கள். வன்னியில் செய்தி கேட்பதே இப்படித்தான். "காது இரையிற ஆக்கள் ஆர் ஆர்?" என்று கேட்டேன். ஓரிருவர் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒழுங்கையில் பாதிப் பேர் வந்து மரத்தடியில் குந்திவிட்டார்கள். இவ்வளவு நாளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லையாம். "உனக்குமோ?" "ஓம், உனக்கும் இருக்கோ? எனக்குச் சில்வண்டு மாதிரி." "எனக்குக் கேத்தில் கொதிக்கிற மாதிரி." அழவேண்டிய விஷயத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

டொக்டர் அம்மாவின் ஒலிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவர் ஓர் ஒலிக்குக் கை தூக்கினார். சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு, சரிபார்க்க மறுபடி போட்டேன். "இதில்லை, இது வேறை," என்றார். பிறகுதான் கவனித்தேன். பெடல் சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் கசெற் மெதுவாகி ஒலி தடிக்கிறது. கை மாற்றி அவருடைய தம்பி சுற்றினால் ஒலி கீச்சிடுகிறது. லண்டனில் டொக்டர் அம்மா அளந்து பதிந்த ஒலி, இங்கே சுற்றுகிறவரின் புயபலத்துக்கு ஏற்ப ஏறி இறங்கியது. ஆராய்ச்சி அந்த மரத்தடியிலேயே கவிழ்ந்தது. சைக்கிள்காரர் வியர்வையைத் துடைத்துவிட்டு, "நான் இன்னும் கொஞ்சம் ஊண்டிச் சுத்தட்டோ?" என்று கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்ல?

எல்லாரும் போன பிறகும் ரோசலின் அக்கா போகவில்லை. அவர் முல்லைத்தீவுக் கரையாள். நாயாற்றில் வீடு, வள்ளம், வலை எல்லாம் இருந்தவர்கள். கடலை விட்டு ஓடிவந்து, கணவர் அந்தோனி இரணைமடுக் குளத்தில் மீன் பிடித்திருக்கிறார்.

"எங்கடை பக்கத்திலையும் காது இரையிற ஆக்கள் இருந்தவை, தம்பி," என்றார். "ஆனா அங்கை கடல் விடாமல் இரைஞ்சுகொண்டு கிடக்கும். அந்த இரைச்சலுக்குள்ளை இந்த இரைச்சல் தெரியாது. இஞ்சை காடு சத்தமில்லாமல் கிடக்கு. அதுதான் எல்லாம் கேக்குது."

டொக்டர் அம்மா வருடக்கணக்காகச் சொன்னதும் அதுதான். நான் சந்தேகத்தை ரோசலின் அக்காவிடமே கேட்டேன். "அக்கா, அத்தான் கத்தேக்கை உங்களுக்குக் குத்துற சத்தம் கேக்குதோ?"

அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இல்லைத் தம்பி. அவர் கத்திறதிலை அரைவாசிக்கு மேலை ஒண்டும் இல்லை. உங்கடை அத்தானுக்கு அவற்றை காதுக்குள்ளைதான் குத்துது."

"பிறகேன் எல்லாரும் இறங்கிறியள்?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் எழுத்தில் அதை மாற்ற எனக்கு மனமில்லை.

"போன வருஷம் எங்கடை அவர் வாய்க்காலிலை குளிச்சுக்கொண்டு நிண்டவர். அண்டைக்குத்தான் மெய்யாக் குத்தினவன். உங்கடை அத்தானுக்குக் கேக்கேல்லை. அவற்றை காது அப்பவே இரையத் தொடங்கிட்டுது. அதை அவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவர் கத்தாததாலை நாங்களும் கவனிக்கேல்லை, ஷெல் வந்து வாய்க்கால் கரையிலை விழுந்துது. எனக்குக் கோவம் இருந்தது தம்பி, இல்லையெண்டு சொல்லமாட்டன். செத்தவீட்டிலை அந்த மனிசனைக் கண்டபடி பேசினன். அவர் வாயே திறக்கேல்லை. அதுக்குப் பிறகு எல்லாச் சத்தமும் அவருக்குக் குத்துற சத்தம்தான். முதல் முதல் சும்மா கத்தினதுக்கு ஒருத்தரும் எழும்பேல்லை. அவர் என்ரை கொட்டில் வாசலிலை வந்து நிண்டு, 'பிள்ளை இறங்கு, பிள்ளை இறங்கு' எண்டு அழுதார். நான் இறங்கினன். நான் இறங்கினாப் பிறகு மற்றவை மேலை இருப்பினமோ? எல்லாரும் இறங்கினவை. அண்டையிலையிருந்து இப்பிடித்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கணவனைப் பறிகொடுத்த பெண், அதற்குக் காரணமென்று தன்னையே தின்றுகொண்டிருக்கிற மனிதருக்காக, ஒரு நாளில் மூன்று நாலு தரம் குழிக்குள் இறங்குகிறார். அதுவும் எல்லாருக்கும் முதலாவதாக. நான் ஒரு பற்றரியோடு வந்துவிட்டு எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அத்தானிடம் வேறு மாதிரிக் கதைத்தேன். "நீங்கள் ஒருக்காப் படுங்கோ. நான் ஒழுங்கை முகப்பிலை நிண்டு கேக்கிறன். குத்தினா நான் கத்திறன்," என்றேன். என் காதின் இலட்சணம் அவருக்குத் தெரியாது. நான் அவரிடம் சொல்லியிருக்கவும் இல்லை. அக்காவும் கெஞ்சினார். கடைசியில் அரைமனதோடு பாயில் படுத்தார். நானே கருவியை அவர் காதில் வைத்து, சத்தத்தை மெல்லக் கூட்டினேன்.

அவர் முகத்தை நான் மறக்கமாட்டேன். முதலில் கண் அகலத் திறந்தது. "மழை பெய்யிற மாதிரிக் கிடக்கு," என்றார். பிறகு, "உருத்திரபுரத்திலை வயலுக்கு மழை," என்றார். பிறகு கண் மூடிக்கொண்டது. அக்கா அவர் மூக்குக்குக் கிட்டக் கையை வைத்து மூச்சுப் பார்த்துவிட்டு, குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து சத்தமில்லாமல் அழுதார்.

ஒழுங்கை முகப்பில் நான் நின்றேன். காவலுக்கு நிற்கிறவனின் காதில் போத்தல்கள் முட்டிக்கொண்டிருந்தன. ஆனால் ரோசலின் அக்கா தன் வாசலில் கிழிந்த வலை பொத்துகிற சாக்கில் வடக்கே பார்த்தபடி இருந்தார். எதிர்க் கொட்டிலில் இன்னொருவர் விறகு கொத்துவதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார். தாய்மார் குழந்தைகளைச் சத்தம் போடவேண்டாம் என்று அடக்கினார்கள். ஒழுங்கை முழுக்க அத்தானுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. அன்று எவனும் குத்தவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு அத்தான் எழும்பினார். பாயில் இருந்தபடியே கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அவர் அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"நித்திரை எண்டா என்னெண்டு எனக்கு மறந்து போச்சுது தம்பி," என்றார். கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது எவ்வளவு நாளைக்கு ஓடும்?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. "உள்ளுக்குக் கிடக்கிற பற்றரி முடியுமட்டும்தான். ஏழு நாள், ஒரு கிழமை ஓடும். மிச்சத்தைப் பறிச்சுப்போட்டாங்கள்."

"அப்ப கொண்டு போ." என் சட்டைப் பைக்குள் அதைப் போட்டார். "ஒரு கிழமை நித்திரை கொண்டு பழகிப்போட்டு, பிறகு அதில்லாமல் என்னாலை இருக்கேலாது. மற்றது, நான் இதைப் போட்டுக்கொண்டு கிடந்தா இவையளுக்கு ஆர் கத்திறது? ஒருக்காக் கத்தாமல் விட்டதுக்கு அந்தப் பிள்ளை வெள்ளைச் சீலையோடை நிக்கிறா."

உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உங்கள் கத்தலில் ஒன்றும் இல்லை, உங்களுக்காகத்தான் அவர்கள் இறங்குகிறார்கள், நீங்கள் நிம்மதியாகப் படுக்கலாம் என்று சொன்னால் என்ன? சொன்னால் அவர் படுப்பாரா, கிணற்றுக்கட்டுக்குப் போவாரா? குசினி வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "தேத்தண்ணி ஆறுது தம்பி, குடி," என்றார். நான் குடித்தேன்.

நான் வெளிக்கிட்ட காலை, வரதனின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முகப்பில் இருமிக்கொண்டு வந்து நின்றது. அக்கா ஒடியல்மாவும் பனங்கட்டியும் கட்டித் தந்தார். மாற்றுகிற மருந்தைக் கண்டுபிடித்தால் முதலில் இங்கேதான் கொண்டுவருவேன் என்று அத்தானிடம் சொன்னேன். எனக்கே அது நம்பிக்கையில்லாத பேச்சு. அவர் வடக்கே பார்த்தபடி, "ஓம், ஓம்," என்றார்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "குத்திட்டான்! இறங்குங்கோ! எல்லாரும் இறங்குங்கோ!"

காலை வெயிலில் ஒரு காகத்தின் சத்தம்கூட இல்லை. ரோசலின் அக்கா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு ஓடினார். ஒழுங்கை முழுக்க அவர் பின்னால் ஓடியது. வரதன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் பையை மண்ணில் போட்டுவிட்டு, அவருடைய கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

உள்ளே மண் ஈரமாகக் குளிர்ந்தது. அத்தான் கடைசியாக இறங்கி வாசலோரமாகக் குந்தினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தாய் மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். ரோசலின் அக்காவை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"எல்லாரும் வந்தாச்சு," என்றார். மண் சுவரில் தலையைச் சாய்த்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "இப்ப நிண்டிட்டுது தம்பி. எல்லாரும் இப்பிடி உள்ளுக்குள்ளை இருக்கிறதைப் பாத்தாப் பிறகு கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் நிக்கும். உன்ரை டொக்டர் அம்மாவிட்டைச் சொல்லு."

நான் ஏதோ கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவர் கண் மூடிவிட்டது. வாய் சற்றுத் திறந்து, ஒரு சின்னக் குறட்டை வந்தது.

ஷெல் ஒன்றும் விழவில்லை. வெளியே அடுப்பில் ஏதோ கருகுகிற மணம் வந்தது. வரதன் எழும்பப் பார்த்தார். ரோசலின் அக்கா அவர் கையைப் பிடித்து மெல்ல இருத்தினார். குழந்தை சிணுங்கியது. தாய் அதற்குப் பால் கொடுத்தாள். வெளியில் போட்ட வேலை அப்படியே கிடக்க, அத்தான் தானாக விழிக்கும்வரை ஒருவரும் அந்தக் குழியை விட்டு எழும்பவில்லை.